யாரையும் இழிவாகப் பேசாத செய்தியில் இனப்பாகுபாடு எப்படி நுழைகிறது?

வசைச்சொல் எதுவும் இல்லாத செய்தியில் பாகுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது வினைச்சொல்லில் இருக்கிறது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, இரண்டு செய்தி நிறுவனங்களின் படங்கள் யாஹூ தளத்தில் வெளியாயின. ஒன்றில் மார்பளவு நீரில் பொருள்களுடன் நடந்துவந்த கறுப்பின இளைஞர், மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருவதாகக் குறிப்பு சொன்னது; மற்றொன்றில் அதே போன்ற வெள்ளத்தில் வந்த வெள்ளை நிறத்தவர் இருவரோ, கடையிலிருந்து ரொட்டியும் குளிர்பானமும் 'கண்டெடுத்தவர்கள்' ஆனார்கள். முதல் படத்தை எடுத்தவர் அந்த இளைஞர் கடைக்குள் சென்றதைக் கண்டதாகவும், இரண்டாமவர் பொருள்கள் நீரில் மிதந்து வந்ததாகவும் விளக்கினார்கள். இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனாலும், ஊரே பசித்துக் கிடந்த வேளையில் உணவு தேடியவரைத் திருடராக்கும் சொல் ஒருவருக்கு மட்டும் வாய்த்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

படத்தின் நிறமும் இப்படித்தான் பேசும். 1994 ஜூனில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை நியூஸ்வீக் உள்ளவாறே அட்டையில் இட, டைம் இதழ் அவர் முகத்தைக் கருமையாக்கி வெளியிட்டுக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

இதன் வேர் செய்தி அறையில் இருக்கிறது. அமெரிக்க நகரக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், அந்நாட்டுச் செய்தித்துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 1968-லேயே சுட்டிக்காட்டியது. படக்குறிப்பை எழுதுபவரின் அருகில், 'இந்தச் சொல் ஏன்?' என்று கேட்கக்கூடிய ஒருவர் இல்லாதபோது அது அப்படியே அச்சேறிவிடுகிறது.