கேள்வி பதில்: கால்பந்துச் சூரியன், கடுகு பூமி

கே: பாடப்புத்தகப் படத்தில் சூரியனை ஒட்டி எட்டுக் கோள்களும் வரிசையாக நிற்கின்றனவே, நிஜத்திலும் அவ்வளவு நெருக்கமா?

ப: இல்லவே இல்லை. ஆனால் படம் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், சரியான அளவில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் எதுவுமே கண்ணுக்குத் தெரிந்திருக்காது. மொட்டைமாடி போதாது, நீளமான தெருவாகப் பார்த்து ஒரு முனையில் கால்பந்து ஒன்றை வையுங்கள், அதுதான் சூரியன். இந்தக் கணக்கில் பூமி ஒரு கடுகு. அதுவும் பந்திலிருந்து சுமார் 24 மீட்டர் தள்ளி. நிலா ரவைத் துணுக்கு மாதிரி, கடுகிலிருந்து 6 சென்டிமீட்டரில். மனிதன் நேரில் போய் வந்ததெல்லாம் அந்த 6 சென்டிமீட்டரும் அதற்குக் கொஞ்சம் மேலேயும்தான்! வியாழன் பெரிய கோளாயிற்றே என்றால் அதுவே நெல்லிக்காய் அளவுதான், 120 மீட்டர் நடக்க வேண்டும். கடைசியாக நெப்டியூன், 700 மீட்டருக்கு அப்பால் ஒரு கொண்டைக்கடலை. சரி, சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி எங்கே? பந்து சென்னையில் இருந்தால் அது கிட்டத்தட்ட டோக்கியோவில்.

கே: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சிறுகோள்கள் சுற்றுகின்றனவாம். விண்கலங்கள் எப்படி மோதாமல் போகின்றன?

ப: சினிமாவில் பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓட்டுவார்களே, அதை மறந்துவிடுங்கள். அத்தனையையும் சேர்த்து உருட்டினாலும் நிலாவின் எடையில் நூற்றில் 3 பங்குதான் தேறும், இடமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர். முதலில் கடந்த பயனியர் 10 கூட 1973-இல் சேதமில்லாமல் வெளியே வந்துவிட்டது.

கே: நவக்கிரகம் ஒன்பது, கோள்கள் எட்டு. எது சரி?

ப: இரண்டும் வேறு வேறு பட்டியல். நவக்கிரகத்தில் சூரியன் நட்சத்திரம், சந்திரன் துணைக்கோள். நாம் நிற்கும் பூமி அதில் இல்லை, யுரேனஸும் (1781) நெப்டியூனும் (1846) தொலைநோக்கி வந்த பிறகு கிடைத்தவை. எனக்குப் பிடித்தது ராகு கேதுதான். அவை பொருள்களே அல்ல, வானத்தில் சூரியன் போகும் பாதையை நிலாவின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வந்தால்தான் கிரகணம், அதனால்தான் மாதாமாதம் பாம்பு விழுங்குவதில்லை.