கப்பலேறப் போகும் அம்மாவுக்கு

கேள்வி: எனக்கு 61 வயது. கிளிநொச்சியில் இருக்கிறேன். பத்து வருடமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. மெற்போமின், கிளிக்கிளசைட், லொசாட்டன் குளிசைகள் போடுகிறேன். கனடாவில் உள்ள மகன், வருகிற தையில் மியாமியில் இருந்து ஏழு நாள் கரீபியன் கப்பல் பயணத்துக்கு என்னையும் சேர்த்துப் பதிந்துவிட்டான். நயினாதீவுக்குப் போகும்போதே எனக்குச் சத்தி வரும். 2009 இல் புதுமாத்தளனில் இருந்து காயத்தோடு செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்குப் போனேன். அதற்குப் பிறகு கப்பலில் ஏறியதே இல்லை. முன்பின் தெரியாத கப்பலில் இந்த உடம்போடு போகலாமா?

பதில்: சீனியும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் போகலாம் அம்மா. புறப்பட ஒரு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

சத்திக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் ஏறும் வள்ளம் போல இந்தக் கப்பல் ஆடாது. தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் மீன் செட்டை போன்ற தகடுகள் இருந்து ஆட்டத்தைக் குறைக்கும். அந்தப் பக்கத்துப் புயல் காலமும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரைதான். இருந்தாலும் காற்று எழும்பினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதனால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை கேட்கச் சொல்லி மகனிடம் சொல்லுங்கள். கிணற்றுத் துலா மிதிக்கும்போது நுனிதானே ஏறி இறங்கும், நடு அவ்வளவு அசையாது, கப்பலும் அப்படித்தான். தலை சுற்றினால் வெளியே வந்து தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள், ஃபோனைப் பார்க்காதீர்கள். சின்னரிசின் போன்ற குளிசையைச் சத்தி வந்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை, இரண்டு மணித்தியாலம் முன்பே போட வேண்டும். நித்திரை தூக்கும், கால் தடுமாறும். கண் அழுத்த நோய் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் எந்தச் சத்திக் குளிசையும் வேண்டாம். காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்தும் வேண்டாம்.

எனக்குக் கவலை சத்தியைப் பற்றி அல்ல, சத்தி எடுத்துச் சாப்பிடாமல் இருக்கும்போது வழக்கம்போல் கிளிக்கிளசைட் போடுவதைப் பற்றித்தான். சீனி சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு வந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணித்தியாலத்தில் சீனியைத் திரும்ப அளந்து பாருங்கள். 70 க்குக் கீழேயே நின்றால் இன்னொரு தரம் குடிக்க வேண்டும். சத்தியோ வயிற்றோட்டமோ விடாமல் போய் உடம்பில் நீர் வற்றினால் மெற்போமினையும் லொசாட்டனையும்கூடச் சில நாள் நிறுத்த வேண்டி வரும். எதை, எப்போது நிறுத்துவது, திரும்ப எப்போது தொடங்குவது என்பதை உங்கள் கிளினிக் டொக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். கப்பலில் டொக்டர் இருப்பார். ஆனால் நம்முடைய அரச ஆஸ்பத்திரி மாதிரி இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்! பயணக் காப்புறுதி எடுக்கும்போது மகன் உங்கள் வருத்தங்களை மறைக்காமல் சொல்லட்டும்.

இன்னொன்று. துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போவார்கள், அவை அறைக்கு வந்துசேரப் பின்னேரமோ இரவோ ஆகும். அதனால் குளிசைகள் எல்லாம் கைப்பைக்குள் இருக்க வேண்டும், விமானத்திலும் அப்படித்தான். கிளினிக்கில் கடுதாசி உறைக்குள் போட்டுத் தரும் குளிசைகளை அப்படியே கொண்டுபோகாமல், மருந்தின் பெயர் அச்சடித்த அட்டையோடு வாங்கி, டொக்டரின் ஆங்கிலக் கடிதமும் கிளினிக் கொப்பியும் சேர்த்து வையுங்கள். சாப்பிட முன் கையைச் சவர்க்காரம் போட்டே கழுவுங்கள். கப்பல்களில் பரவி, சத்தியும் வயிற்றோட்டமும் தரும் நோரோ வைரசுக்கு கையில் பூசும் ஜெல் அவ்வளவாகச் சரிவராது.

நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன 2009 க்கு வருகிறேன். புறப்படும் நாளில் எல்லோருக்கும் ஆபத்துக் கால ஒத்திகை கட்டாயம். ஏழு தரம் குறுகலாகவும் ஒரு தரம் நீளமாகவும் சங்கு ஊதும், உயிர்காப்பு அங்கியைக் காட்டுவார்கள், சில கப்பல்களில் சனம் ஓரிடத்தில் கூடும். மற்றவர்களுக்கு அது வெறும் அலுப்பு. உங்களுக்கு அந்தச் சத்தத்தில் நெஞ்சு அடிக்கலாம், மூச்சு முட்டலாம், பழைய கடற்கரை கண்முன் வரலாம். தீபாவளி வெடிச் சத்தத்தில் பிரஷர் ஏறி வருகிறவர்களை வன்னியில் இன்னும் பார்க்கிறேன், ஆகவே இதை வெட்கப்படும் விஷயமாக எடுக்காதீர்கள். என்ன மணிக்குச் சங்கு ஊதும் என்று முதலே கேட்டு வையுங்கள். அந்த நேரம் மகன் பக்கத்தில் நிற்கட்டும். அதற்கு முதல் அவரோடு கப்பலை ஒரு சுற்று நடந்து, அறையில் இருந்து படிக்கட்டுக்கும், கூடும் இடத்துக்கும், டொக்டரின் அறைக்கும் எப்படிப் போவது என்று பழகிக்கொள்ளுங்கள். வழி தெரிந்த இடத்தில் பயம் கொஞ்சம் குறையும். அந்த நாட்கள் இப்போதும் கனவில் வந்து நித்திரையைக் குழப்பினால், பயணத்துக்குக் காத்திராமல் மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

கரை இறங்கிய பிறகும் ஓரிரு நாள் நிலம் ஆடுவதுபோல் இருக்கும். அதைப் பிரஷர் என்று நினைத்து ஒரு குளிசையைக் கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள்.