ஒன்றரை மாதக் குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பணம் பறிக்கவா?

இல்லை. குழந்தைக்கு வயிற்றில் கடைசிவரை தலை திரும்பவில்லை, அதனால் சிசேரியன் ஆயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்பிள்ளை, பெண் குழந்தை என்றும் எடுத்துக்கொள்கிறேன். இடுப்பு மூட்டின் பந்து குழியில் சரியாகப் பொருந்தாமல் போகும் வாய்ப்பை அதிகரிப்பவை இவை மூன்றும்; எங்கள் மகளுக்கும் இவை பொருந்தின.

இந்த வயதில் தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதி குருத்தெலும்பாகவே இருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், பந்து தன் குழியில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று அந்தப் படத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அல்ட்ராசவுண்டின் ஒலியலைகளோ குருத்தெலும்பை ஊடுருவிச் செல்வதால் பந்தும் குழியும் அதன் விளிம்பும் நேரடியாகத் தெரிகின்றன, கதிர்வீச்சும் கிடையாது. பொதுவாக 4 முதல் 6 மாதத்தில் பந்தின் நடுவே எலும்பு உருவான பிறகே எக்ஸ்ரே பயன்படும். முற்றிய எலும்புக்குள் அல்ட்ராசவுண்ட் செல்லாது என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டவர்கள்தான் பச்சிளங்குழந்தைக்கும் அது வீண் என்று சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் மகளின் தொடைகளை மருத்துவர் விரித்துப் பார்த்தபோது இடக்கால் சற்றுக் குறைவாக விரிந்தது. சென்னையில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு ஸ்கேன் மையத்தில், வயிற்று ஸ்கேனுக்குக் காத்திருந்தவர்களுக்கு இடையே அவசரமாகப் பார்த்து, இரண்டு மூட்டுகளும் இயல்பாக உள்ளன என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தார்கள். கோண அளவே இல்லாத அந்த அறிக்கையைக் குழந்தைகள் எலும்பு மருத்துவர் ஏற்கவில்லை. அவர் அனுப்பிய வேறோர் இடத்தில், ஆஸ்திரிய மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980இல் வெளியிட்ட முறைப்படி அளந்தார்கள். குழி எவ்வளவு ஆழமாக அமைந்திருக்கிறது என்று காட்டும் ஆல்ஃபா கோணம் 60 பாகையாவது இருக்க வேண்டும்; அது இடப்பக்கம் 47ஆக இருந்தது. முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, அளக்காமலேயே இயல்பு என்று எழுதியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

தொடைகளை மடக்கி விரித்த நிலையில் வைத்திருக்கும் பாவ்லிக் பெல்ட்டைப் போட்டார்கள். அதைக் கழற்றாமலேயே அடுத்தடுத்த அல்ட்ராசவுண்டுகளில் குழி ஆழமாகி வருவதைப் பார்க்க முடிந்தது; இன்று அவள் ஓடி விளையாடுகிறாள். அந்த வாரங்களில் எங்களை வாட்டியது பெல்ட் அல்ல, பெண் குழந்தை, வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று வந்தவர்களெல்லாம் கூறிய அறிவுரைதான். கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததையும் அவர்கள் காதில் வாங்கவில்லை.

நான் மருத்துவர் அல்ல. தேவையற்ற ஸ்கேனுக்கு ஆள் சேர்க்கிறேன் என்று யாரேனும் சொல்லக்கூடும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்: ஆஸ்திரியாவில் 1992 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை உண்டு, பிரிட்டனில் ஆபத்துக்கூறு உள்ள குழந்தைகளுக்கு மட்டுமே. தலை திரும்பாத குழந்தை அந்தக் குறுகிய பட்டியலிலும் இடம்பெறுகிறது.

போவதற்கு முன் அந்த மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, குழந்தைகளின் இடுப்பு மூட்டை வழக்கமாகப் பார்க்கிறார்களா, இரண்டு பக்கக் கோணங்களையும் அறிக்கையில் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். ஆல்ஃபா கோணம் 50 முதல் 59 வரை வந்தால் பதற வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது மூட்டு முழுமையாக வளராத நிலையாகவே இருக்கலாம், சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.