பெரியவரைக் கரையில் நிறுத்துங்கள்
சிறுவர் கதை எழுதுவோருக்கான கேள்வி – பதில்

கேள்வி: வீட்டைவிட்டுப் புறப்பட்டு, சோதனைகளைக் கடந்து திரும்பி வரும் ‘நாயகனின் பயணம்’ என்ற கதை அமைப்புக்கு 12 படிகள் என்று ஒருவர் சொல்கிறார், 17 என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? எல்லாப் படிகளும் கதையில் வர வேண்டுமா?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: இரண்டும் சரி. ஜோசப் கேம்பல் உலகப் புராணங்களை ஒப்பிட்டு 1949இல் வெளியிட்ட நூலில் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என மூன்று பகுதிகளில் 17 படிகளைச் சொன்னார். திரைக்கதை எழுதுவோருக்காகக் கிறிஸ்டோபர் வோக்லர் அதை 12 ஆகச் சுருக்கினார். கேம்பல் செய்தது பழைய கதைகளைப் பற்றிய ஆய்வு. அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து படிகள் போதும்: வீட்டில் ஒரு குறை, போயே ஆகவேண்டிய கட்டாயம், திரும்ப முடியாத எல்லை, எல்லாம் கைவிட்டுப் போகும் இடம், திரும்பி வருதல். ‘நான் போகமாட்டேன்’ என்று நாயகன் தயங்கும் படியை ஒரு பந்தியில் முடித்துவிடுங்கள். காட்டுக்குள் போகத்தான் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தார்கள்.

கேள்வி: என் கதையில் பத்து வயதுச் சிறுமி வாவிக்கு அடியிலுள்ள நகரத்துக்குப் போகிறாள். ஒரு முதிய மீனவர் மந்திரச் சங்கு கொடுத்து வழிகாட்டுகிறார். வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் பாதியில் கொட்டாவி விட்டார்கள். ஏன்?
– வாசகர், கல்லடி

பதில்: ஒரு கொப்பியில் அத்தியாயங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் சிக்கலையும் யார் தீர்த்தார் என்று பக்கத்தில் குறியுங்கள். ‘சங்கு’, ‘மீனவர்’ என்று இரண்டு மூன்று இடங்களில் வந்தாலே காரணம் கிடைத்துவிடும். சங்கு இருக்கும்வரை சிறுமிக்கு ஆபத்தில்லை என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இராமாயணத்தில் ஜாம்பவான் செய்வதைப் பாருங்கள். அனுமனுக்கு அவன் மறந்துபோன பலத்தை நினைவூட்டுகிறார், அவ்வளவுதான். கடலைத் தாண்டும்போது அவர் கூடப் போவதில்லை. உங்கள் மீனவரும் மூன்றாம் அத்தியாயத்தோடு கரையில் நிற்கட்டும். அவரைச் சாகடிக்க வேண்டியதில்லை. தோணியில் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்றாலே போதும்.

சங்குக்கு விதி வையுங்கள். மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் மீன்பாட்டு, அதாவது நீருக்கடியில் மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் ஒலி, கேட்கப் போகிறவர்கள் பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைப்பார்கள். ஒரு நல்ல மந்திரப் பொருளுக்கு வேண்டியதெல்லாம் இதிலேயே இருக்கிறது: குறித்த இடம், குறித்த நேரம், அசையாதிருக்கும் பொறுமை. கேட்கத்தான் முடியும், ஏவ முடியாது. சங்கும் அப்படி எதையாவது கேட்கவைக்கட்டும்; கேட்டதை வைத்து முடிவெடுப்பது அவள் வேலை. ஒருமுறையாவது அவள் தவறாக விளங்கிக்கொண்டு, அதனால் வழியில் சேர்ந்த தோழன் ஒருவன் மாட்டிக்கொள்ள வேண்டும். சங்கின் குறைபாட்டை நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களிலேயே காட்டிவிடுங்கள். கடைசியில் திடீரென்று புதுச் சக்தி முளைத்தால், பத்து வயதுப் பிள்ளை அதை ஏமாற்று என்றுதான் சொல்லும். சொல்வதும் நியாயம்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் பையன் மேற்கே படுவான்கரைக்குப் போவதை எல்லை தாண்டும் இடமாக வைத்தேன். இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறதே என்று நண்பர் சிரிக்கிறார்.
– வாசகர், ஆரையம்பதி

பதில்: நண்பர் சொல்வது சரி. அரை மணிநேரத்தில் திரும்பிவிடலாம் என்றால் அது எல்லையாகாது. கதையைப் பாலத்துக்கு முந்திய காலத்துக்குக் கொண்டுபோய், கடைசித் தோணியும் போன பிறகு அவனை அக்கரையில் விடலாம். அல்லது இடத்தை மாற்றுங்கள். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் காட்டின் விளிம்பிலுள்ள உகந்தையில் தங்கி, காட்டுப்பாதை திறக்கும்வரை காத்திருப்பார்கள். உள்ளே போனால் குமண, யால காடுகளூடாகப் பல நாள் நடை. நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அனுமதி, காத்திருப்பு, காடு, தண்ணீர்க் கவலை எல்லாமே அங்கே தயாராக இருக்கின்றன. அளவு கேட்டால், 12 அத்தியாயக் கதையில் மூன்றாவது முடிவதற்குள் அவன் உள்ளே போய்விட வேண்டும்.

கேள்வி: கூத்தில் வருவதுபோல நாயகி பாட்டோடு தன்னை அறிமுகப்படுத்தலாமா?
– மாணவி, வந்தாறுமூலை

பதில்: கூத்தாடும் களரியில், பாத்திரம் தன்னை அறிமுகப்படுத்தும் வரவுப் பாட்டு அழகு. புத்தகப் பக்கத்தில் அது கதையை நிறுத்திவிடும். முதல் பக்கத்தில் அவள் எதையாவது செய்யட்டும், பிழையாகச் செய்தாலும் சரி.

கேள்வி: ‘எல்லாம் கனவு’ என்று முடிக்கலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். பயந்ததும் இழந்ததும் கணக்கில் வராமல் போய்விடும். வீடு திரும்பும் பகுதிக்கு முழுதாக ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். பலர் அரைப் பக்கத்தில் ஓடிவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் இருந்த குறையை, பயணத்தில் பழகிய ஒன்றைக் கொண்டு அவள் தீர்க்க வேண்டும். இருட்டுக்குப் பயந்தவள் தம்பியை இரவில் கிணற்றடிக்குக் கூட்டிப்போனால் போதும், புதையல் வேண்டாம். கொண்டுவந்த மந்திரப் பொருள் ஊரில் வேலை செய்யக்கூடாது. செய்தால் அடுத்த நாளே பள்ளிக்கூடத்துச் சோதனைக்கு அதை ஏன் எடுத்துப்போகவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள்.