வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஒரு விளம்பர நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் 22 வாரப் பயிற்சி. அடுத்த வெள்ளியோடு முடிகிறது. அலுவலகத்தில் 30 பேர். சொல்லிக்கொள்ளாமல் போக மனமில்லை; மேசை மேசையாகப் போய் நிற்கவும் கூச்சம். எப்படி விடைபெறுவது? செய்த வேலைகளை என் படைப்புத் தொகுப்பில் போடலாமா?

பதில்: முதலில் விடைபெறும் நாளை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை பலர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்கள். முஸ்லிம் நண்பர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்த் திரும்ப மணி இரண்டைத் தாண்டிவிடும். "திங்கள் காலைக்குள் வேண்டும்" என்று வாடிக்கையாளர் எதையாவது அனுப்புவதும் அன்றைக்குத்தான். வியாழன் மூன்றரை மணி நல்ல நேரம். அந்த நேரத்தில் குழுவுக்கு ஏதாவது பிட்ச் (வாடிக்கையாளரைப் பிடிக்க யோசனையை முன்வைக்கும் கூட்டம்) இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூச்சத்துக்கு மருந்து தின்பண்டம். 30 பேருக்கு 36 கறிபஃப் போதும்: 24 கோழி, 12 உருளைக்கிழங்கு. ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் வாங்கி, கடைப் பெயருள்ள பெட்டியோடு வையுங்கள். தட்டில் மாற்றிவிட்டால் எங்கே வாங்கியது என்று தெரியாமல் சிலர் கைவைக்க மாட்டார்கள். சைவம் தனிப் பெட்டியில். தேக்காவில் ஒரு கிலோ முறுக்கும் வாங்கி பேன்ட்ரியில் வைத்தால், அன்று வராதவருக்கும் மிஞ்சும். ஆளுக்கொரு பரிசு வேண்டாம், பயிற்சிக்கால உதவித்தொகை தாங்காது.

உங்களுக்கு நேரடியாகக் கற்றுக்கொடுத்த நாலைந்து பேருக்கு மட்டும் கையால் எழுதிய அட்டை. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்றால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். "பேருந்து நிறுத்த விளம்பரத்தில் என் ஒன்பது சொல் தலைப்பை நான்காகக் குறைத்தீர்களே, அந்தத் தாளை வைத்திருக்கிறேன்" என்றால் அது அவருக்கு மட்டுமே எழுதியது.

மற்றவர்களுக்கு ஒரு மின்னஞ்சல், ஆறு வரிக்குள். கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு அனுப்புங்கள். மாலை ஆறுக்கு அனுப்பினால், பதில் வரும்போது உங்கள் கணக்கு மூடப்பட்டிருக்கும். சொந்த மின்னஞ்சல் முகவரியையும் அதில் சேருங்கள். வாடிக்கையாளர்களுக்கு நீங்களாக எழுத வேண்டாம். அது அந்த வாடிக்கையாளரைக் கவனிப்பவரின் வேலை. வாடிக்கையாளர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் அவரிடம் சொல்லிவிட்டே வெளியேறுங்கள்.

விளம்பரத் துறையில் உண்மையான விடைபெறல் கோப்புகளில் இருக்கிறது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பை அப்படியே நகலெடுத்தால் எழுத்துருவும் படங்களும் கூட வராது. அடுத்தவர் திறக்கும்போது 'படம் காணவில்லை' என்று வரும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் சேர்க்கும் 'பேக்கேஜ்' வசதியைப் பயன்படுத்தி, அதைப் பொது டிரைவில் போட்டு, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். 'ஃபைனல் ஃபைனல் 2' போன்ற பெயர்களை நாளிட்டு மாற்றுங்கள். இதைப் புதன்கிழமையே முடியுங்கள். திருப்பிக் கொடுத்த மடிக்கணினியை அழித்துவிடுவார்கள்.

தொகுப்புக்கு வருவோம். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் உரிமை நிறுவனத்துக்கே. பயிற்சி ஒப்பந்தங்களிலும் இப்படி ஒரு வரி இருப்பது வழக்கம், எடுத்துப் படியுங்கள். வெளியான வேலைகளைப் பட்டியலிட்டு, மேற்பார்வையாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். வாய்ச்சொல் ஆறு மாதத்தில் மறந்துபோகும். வெளிவராத விளம்பரம், தோற்ற பிட்ச் இரண்டையும் தொடாதீர்கள். எதையும் சொந்த முகவரிக்கு அனுப்பி வைத்துக்கொள்வதும் கூடாது.

நம்மவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு: பெயர். அடையாள அட்டையில் 'கவிதா டி/ஓ முருகேசன்' (முருகேசனின் மகள் கவிதா) என்றிருந்தால், மின்னஞ்சல் கணக்கில் முருகேசன் குடும்பப் பெயராகிவிடும். பல மாதம் கழித்து யாரோ அந்த விளம்பரத்தை விருதுக்கு அனுப்பும்போது, பழைய மின்னஞ்சல்களில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் பங்களித்தவர் பட்டியல் எழுதுவார்கள். உழைத்தது கவிதா, பட்டியலில் அப்பா. உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்று எழுத்துக்கூட்டி, எந்தெந்த விளம்பரத்தில் என்ன செய்தீர்கள் என்ற ஒரு வரியோடு, தயாரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

கல்லூரி மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்தும் நற்சான்றுக் கடிதமும் இந்த வாரமே கேளுங்கள். நுழைவு அட்டையைக் கடைசியில் ஒப்படையுங்கள். அதைக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போனால், எல்லோரிடமும் விடைபெற்ற பிறகு கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.