கார்ட்லெஸ் போனுக்கும் கம்பி உண்டு: அலுவலகத் தொலைபேசி குறித்த கேள்வி பதில்

நாகர்கோவிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 31 ஆண்டுகள் தொலைபேசி இணைப்புகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன் நான். அலுவலகங்களிலும் கடைகளிலும் கார்ட்லெஸ் போன் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். மொபைல் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

குலசேகரம், ரப்பர் ஷீட் வியாபாரி: புது கார்ட்லெஸ் வாங்கிய பெட்டியில் 300 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. கடையிலிருந்து, ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை 40 மீட்டர்கூட இருக்காது. ஆனால் முற்றத்தைத் தாண்டினாலே பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. போன் பழுதா?

போன் பழுதில்லை, வைத்த இடம்தான் பழுது. 300 மீட்டர் என்பது நடுவில் ஒரு தடையும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. கட்டடத்துக்குள் 50 மீட்டர் கிடைத்தாலே நல்லது. இன்று விற்கும் கார்ட்லெஸ் போன்கள் பெரும்பாலும் டெக்ட் என்னும் முறையில், 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பேசுகின்றன. அந்த அலைக்குச் செங்கல் சுவர் ஒரு சுமை, மழையில் ஊறிய சுவர் கூடுதல் சுமை, இரும்புத் தகடு என்றால் அதை ஊடுருவிப் போகவே முடியாது. நம் ஊர்க் கடைகளில் ஷட்டர், தகரக் கூரை, ஸ்டீல் பீரோ ஆகிய மூன்றும் தவறாமல் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் பக்கத்திலேயே ஒரு கடைக்கு இதே புகாருக்காகப் போயிருந்தேன். பேஸை, அதாவது லைன் வயர் சொருகியிருக்கும் அடிப்பெட்டியை, மேசைக்கு அடியில், இரும்புப் பணப்பெட்டிக்கும் தராசின் எடைக்கற்களுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தார்கள். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதற்காக என்றார் உரிமையாளர். நான் செய்தது ஒன்றே ஒன்று. லைன் வயரை 5 மீட்டர் நீட்டி, முற்றத்தைப் பார்த்த மரச் சன்னலுக்கு மேலே, ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு பலகையில் பேஸை ஏற்றி வைத்தேன். பிறகு, கையில் எடுத்துப் பேசும் ஹேண்ட்செட்டைக் காதில் வைத்து, டயல்டோனைக் கேட்டபடி அவரையே நடக்கச் சொன்னேன். புகைப்புரை வாசலைத் தாண்டி, கிணற்றடிக்குப் போன பிறகுதான் எல்லை முடிவதைச் சொல்லும் முதல் ‘பீப்’ வந்தது.

நீங்களும் ஆணி அடிப்பதற்கு முன் இப்படி ஒரு நடை நடந்து பாருங்கள். கையில் இருப்பதற்குத்தான் கம்பி இல்லை; பேஸுக்கு லைன் வயர் ஒன்று, மின்கம்பி ஒன்று என இரண்டு உண்டு. அந்த இரண்டும் எட்டுகிற இடத்திலேயே பேஸை வைத்துவிட்டு, அலை எட்டவில்லை என்று வருந்துகிறோம். கம்பியை நீட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் தீராவிட்டால் மட்டும் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை, அதே கம்பெனியில் தேடுங்கள்.

மார்த்தாண்டம், பள்ளி அலுவலகம்: தலைமையாசிரியர் அறை, அலுவலகம், ஆய்வகம் ஆகிய மூன்று இடங்களுக்கும் மூன்று ஹேண்ட்செட் வாங்கியுள்ளோம். இணைப்பது எப்படி? பழைய சுவர்ப் பெட்டியில் சொருகினால் டயல்டோன் வரவில்லை.

உங்களுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஃபைபர் வந்த பிறகு சுவரில் இருக்கும் பழைய ரோசட் பெட்டிக்கு உயிர் கிடையாது. மோடத்தின் பின்பக்கம் போன் என்றோ டெல் என்றோ எழுதிய சிறிய துளை இருக்கும். பேஸிலிருந்து வரும் லைன் வயரை அதில் சொருக வேண்டும்.

வரிசை இதுதான். முதலில் பேஸுக்கு உரிய அடாப்டரை மட்டுமே மின்சாரத்தில் கொடுங்கள். மேசையில் கிடக்கும் வேறு அடாப்டரின் முனை பொருந்துகிறது என்பதற்காக அதைச் சொருகாதீர்கள், வோல்ட்டும் கூட்டல் கழித்தல் முனைகளும் மாறியிருந்தால் அன்றோடு பேஸ் போய்விடும். அடுத்து, ஹேண்ட்செட்டில் பேட்டரியைப் போட்டு, கையேட்டில் சொன்ன நேரம் முழுவதும் சார்ஜ் ஏற விடுங்கள். சில மாடல்களுக்கு அது 7 மணி நேரம், சிலவற்றுக்கு 15 மணி நேரத்துக்கு மேல். மாலையில் பள்ளி பூட்டும்போது வைத்துவிட்டுப் போனால் காலையில் சரியாக இருக்கும். டயலிங் முறை ‘டோன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்; ‘பல்ஸ்’ என்று கிடந்தால், ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் எந்த எண்ணிலும் உங்கள் பொத்தான் வேலை செய்யாது.

பெட்டியோடு வந்த ஹேண்ட்செட் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். தனியாக வாங்கியதைப் பதிவுசெய்ய, பேஸில் இருக்கும் ஒரே பொத்தானைச் சில நொடிகள் விடாமல் அழுத்தி, ஹேண்ட்செட்டின் மெனுவில் பதிவு என்பதைத் தேர்ந்து, ‘பின்’ என்னும் ரகசிய எண் கேட்டால் 0000 என்று கொடுங்கள். பல மாடல்களில் ஒரே பேஸுக்கு 6 ஹேண்ட்செட் வரை பதியலாம், அவற்றுக்குள் இன்டர்காம் போலக் காசில்லாமல் பேசிக்கொள்ளலாம். ஆனால் லைன் ஒன்றே என்பதால், ஆய்வகத்தில் ஒருவர் வெளியே பேசிக்கொண்டிருந்தால் தலைமையாசிரியர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கன்னியாகுமரி, தங்கும் விடுதி: கார்ட்லெஸ் வைத்ததிலிருந்து வைஃபை மெதுவாக இருக்கிறது. அதுதான் காரணமா?

டெக்ட் வகை என்றால் இல்லை. வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளோடு அதற்குச் சண்டையே கிடையாது. காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

தக்கலை, பத்திர எழுத்தர்: காலையில் முழுச் சார்ஜில் எடுக்கும் ஹேண்ட்செட் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அணைந்துவிடுகிறது. வாங்கி இரண்டரை ஆண்டு ஆகிறது. புதிது வாங்க வேண்டுமா?

வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலான ஹேண்ட்செட்டுகளில் இருப்பவை ஏஏஏ அளவில், சார்ஜ் ஏற்றத்தக்க இரண்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கம்பெனியில், ஒரே கொள்ளளவில் வாங்கிப் போடுங்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போடும் 1.5 வோல்ட் பேட்டரி பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். அதை ஒருபோதும் போடாதீர்கள். அது சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதன்று. பேஸில் வைத்தால் சூடேறி ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

மார்த்தாண்டம், மின்சாதனக் கடை உரிமையாளர்: ஐயா சொன்ன பதில் பாதிதான் சரி. ஹேண்ட்செட்டை எப்போதும் பேஸிலேயே வைப்பதால்தான் பேட்டரி கெடுகிறது. முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று இருபது ஆண்டாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

இருபது ஆண்டுக்கு முன் நீங்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, இன்று அதைக் கைவிட வேண்டும். அன்றைய கார்ட்லெஸ் போன்களில் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தது. பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அது அந்தப் பாதி அளவுக்கே பழகிவிடும். ‘மெமரி’ என்று அதைத்தான் சொன்னார்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் அந்தக் குணம் மிகக் குறைவு. அதற்கு மாறாக, முழுக்கத் தீர விடுவதுதான் இதற்குக் கெடுதல். இரண்டு பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும்போது இரண்டும் ஒரே நொடியில் தீர்வதில்லை; பலவீனமானது முதலில் தீர்ந்ததும், பலமுள்ளது அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளி, அதன் முனைகளையே தலைகீழாக்கிவிடும். அப்படி ஒருமுறை அடிபட்ட பேட்டரி பழைய நிலைக்குத் திரும்பாது.

குளச்சல், படகு உதிரிபாகக் கடை: எங்கள் ஹேண்ட்செட் ஐந்து ஆண்டாக இரவும் பகலும் பேஸில்தான் கிடக்கிறது, பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்த்தாண்டத்துக்காரர் பேட்டரி விற்பதற்காகச் சொல்கிறார்.

அவர் நோக்கத்தைப் பற்றி நாம் பேச வேண்டாம். பேஸிலேயே கிடந்து ஐந்து ஆண்டு உழைத்தது நல்ல செய்திதான். நீங்கள் அதிகம் பேசுவதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கடலோரக் கடை என்பதால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹேண்ட்செட்டின் அடியில் இருக்கும் இரண்டு உலோகப் பொட்டுகளையும், அவை உட்காரும் பேஸின் முனைகளையும் மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக் காற்றில் அவற்றின் மேல் பச்சையாகக் களிம்பு ஏறும். சார்ஜ் விளக்கு எரிவதுபோலத் தோன்றும், ஆனால் சார்ஜ் ஏறியிருக்காது. முட்டத்தில் ஓர் அலுவலகம், பேட்டரி கெட்டுவிட்டது என்று இரண்டு முறை பேட்டரி மாற்றிய பிறகு என்னை அழைத்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பொட்டுகளை நான்கு இழுப்பு இழுத்ததோடு பிரச்சினை முடிந்தது.

மார்த்தாண்டம், மின்சாதனக் கடை உரிமையாளர் (மீண்டும்): பேட்டரி விற்றுப் பிழைக்கும் நிலையில் நான் இல்லை. பேஸிலேயே கிடந்த பேட்டரிகள் உப்பி வருவதைக் கண்ணால் பார்க்கிறேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை, காரணத்தைத்தான் மறுக்கிறேன். உப்புவது சூட்டினால். ஒழுங்கான பேஸ், சார்ஜ் நிறைந்ததும் மின்னோட்டத்தை மிகச் சிறிய அளவுக்குக் குறைத்துவிடும். ஹேண்ட்செட் லேசான வெதுவெதுப்போடு இருக்கும், அவ்வளவே. சில மலிவான பேஸ்களோ நேரக் கணக்கை மட்டும் பார்ப்பவை. மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், பேட்டரி நிறைந்திருந்தாலும், முதலிலிருந்து ஏற்றத் தொடங்கிவிடும். ஒரு நாளில் நான்கு முறை மின்சாரம் போய் வந்தால் பேட்டரி நான்கு முறை வேகும். வெயில் விழும் சன்னலில் பேஸை வைத்தாலும் இதே கதிதான். கையில் தொட்டால் சுடுகிற பேஸ் என்றால், உங்கள் அறிவுரைப்படி ஹேண்ட்செட்டை எடுத்து வெளியே வைப்பது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுக்கத் தீர விடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திங்கள்நகர், மருந்துக்கடை: அவசரத்துக்குச் சாதாரண பேட்டரி போடலாமா?

கூடாது. தக்கலைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

குழித்துறை, வழக்கறிஞர்: கட்சிக்காரர்களோடு பேசுவதைப் பக்கத்துக் கட்டடத்தில் யாரேனும் ஒட்டுக்கேட்க முடியுமா?

ஏரியலை இழுத்துவிட்டுப் பேசிய பழைய அனலாக் கார்ட்லெஸ் என்றால் ஒரு சாதாரண ஸ்கேனர் ரேடியோ போதும். அந்தப் பழைய போனைத் தூக்கிப் போடுங்கள். டெக்ட் போன் பேச்சை எண்களாக மாற்றி அனுப்புகிறது, பெரும்பாலான மாடல்கள் அதைப் பூட்டியும் அனுப்புகின்றன. அந்தப் பூட்டிலும் ஓட்டை உண்டு என்பதை 2008 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் காட்டினார்கள். அதற்குக் கருவியும் பயிற்சியும் வேண்டும். 0000 என்ற பின் எண்ணை இன்றே மாற்றுங்கள். கார்ட்லெஸ் கையில் வந்ததும் வராந்தாவில் நடந்தபடி உரக்கப் பேசும் பழக்கம் வழக்கறிஞர்கள் பலருக்கு வந்துவிடுகிறது. ஒட்டுக்கேட்க அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

கருங்கல், முந்திரி ஆலை அலுவலகம்: அமெரிக்காவில் இருக்கும் மருமகன் ஒரு நல்ல கார்ட்லெஸ் கொண்டுவந்திருக்கிறார். பயன்படுத்தலாமா?

பெட்டியில் டெக்ட் 6.0 என்று எழுதியிருந்தால் வேண்டாம். அது அமெரிக்காவுக்கான 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. நம் நாட்டில் அது மொபைல் போன்கள் டவரோடு பேசும் வரிசைக்குள் வருகிறது. நீங்கள் பேசப் பேச அக்கம்பக்கத்தாரின் மொபைல் இணைப்புக்கு இடைஞ்சல் ஏற்படும். தவிர, அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். மருமகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கோட்டாறு, மொத்த வியாபாரி: ஈபிஏபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள் பல போன்களை இணைக்கும் சிறிய எக்ஸ்சேஞ்ச்) வைத்து, அதன் எக்ஸ்டென்ஷனில் கார்ட்லெஸ்ஸை இணைத்திருக்கிறோம். இரண்டு குறைகள். ஹேண்ட்செட்டில் சேமித்த மொபைல் எண்கள் போவதில்லை. வந்த அழைப்பை இன்னொருவருக்கு மாற்ற ‘ஆர்’ பொத்தானை அழுத்தினால் லைன் துண்டிக்கப்படுகிறது.

முதலாவது: தரைவழித் தொலைபேசியிலிருந்து மொபைலை அழைக்க எண்ணுக்கு முன் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் ஈபிஏபிஎக்ஸில் வெளி லைனைப் பிடிப்பதற்கும் 0 தான் என்றால், அந்த முதல் 0 அங்கேயே செலவாகிவிடும். ஆகவே 0, ஓர் இடைவெளி, மீண்டும் 0, பிறகு பத்து இலக்கங்கள் என்று சேமியுங்கள். இடைவெளிக்கான ‘பாஸ்’ பொத்தான் ஹேண்ட்செட்டிலேயே உண்டு.

இரண்டாவது: ‘ஆர்’ பொத்தான், போனை ஒரு கணம் கீழே வைத்து எடுப்பதுபோன்ற சைகையை அனுப்புகிறது. அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்பதில் ஈபிஏபிஎக்ஸும் கார்ட்லெஸ்ஸும் ஒத்துப்போக வேண்டும். 100 மில்லி செகண்டு, 600 மில்லி செகண்டு ஆகியவை வழக்கமான அளவுகள். நீளம் அதிகமானால், நீங்கள் போனை வைத்துவிட்டதாக ஈபிஏபிஎக்ஸ் எடுத்துக்கொள்ளும். மெனுவில் ‘ஃபிளாஷ்’ அல்லது ‘ரீகால்’ என்ற இடத்தில் குறைத்துப் பாருங்கள்.

தோவாளை, பூ கமிஷன் மண்டி: விடியற்காலையில்தான் எங்கள் வியாபாரம். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் கார்ட்லெஸ் செத்துவிடுகிறது. பழைய போன் இப்படிச் செய்ததில்லையே?

பழைய போன் எக்ஸ்சேஞ்சிலிருந்து செம்புக் கம்பி வழியே வந்த 48 வோல்ட்டில் வாழ்ந்தது. உங்கள் மண்டியில் மின்சாரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கார்ட்லெஸ் பேஸ் உங்கள் மின்சாரத்தில் வாழ்கிறது. செம்புக் கம்பி இன்னும் இருந்தால் பரணில் கிடக்கும் பழைய கம்பி போனைத் துடைத்து அதே லைனில் இணைத்து வையுங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. ஃபைபர் என்றால் மோடத்துக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் கம்பி போன் மட்டும் போதாது. மோடம், பேஸ் இரண்டையும் இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு சிறிய பல்பின் அளவுக்குத்தான் இழுக்கும்.

பூதப்பாண்டி, கூட்டுறவு அலுவலக ஊழியர்: இடி மின்னலின்போது கார்ட்லெஸ்ஸில் பேசலாமா?

ஹேண்ட்செட்டில் பேசுபவருக்கு லைன் வழியாக மின்னல் வராது. கம்பி போனைத்தான் அப்போது தொடக்கூடாது. ஆனால் பேஸுக்கு இரண்டு கம்பிகள் உண்டு என்று மேலே சொன்னேன். செம்பு லைன் என்றால் மின்னல் இரண்டின் வழியாகவும் வரும். சித்திரை, ஐப்பசி மாலைகளில் அலுவலகம் பூட்டும்போது இரண்டையும் பிடுங்கி வைத்துவிட்டுப் போங்கள்.

மார்த்தாண்டம், மின்சாதனக் கடை உரிமையாளர் (மூன்றாம் முறை): ஒரே மாடலில் இரண்டு ஹேண்ட்செட் எடுத்திருக்கிறேன். ஒன்று எப்போதும் பேஸில் இருக்கும், மற்றொன்றைத் தினமும் முழுக்கத் தீர விடுவேன். ஆறு மாதம் கழித்து யார் சொன்னது சரி என்று பார்ப்போம்.

மகிழ்ச்சி. நான்கு பேட்டரிகளையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போடுங்கள். இரண்டு பேஸ்களையும் ஒரே மேசையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.