ஒரே டைப்புக்கு இரண்டு இன்ஸ்டன்ஸ்: ஹாஸ்கெல் கேள்வி பதில்

கேள்வி: ஒரே டைப்புக்கு இரு மாட்யூல்கள் வெவ்வேறு ‘ஆர்ட்’ இன்ஸ்டன்ஸ் (‘ஆர்ட்’ என்பது வரிசைமுறைக்கான கிளாஸ்; ஒரு டைப்புக்கு அந்தக் கிளாஸின் செயல்களை வகுப்பது இன்ஸ்டன்ஸ்) எழுதினால் ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி தடுக்காதா?

பதில்: இரண்டில் எதை எடுப்பது என்று ஒரே இடத்தில் முடிவு செய்ய நேர்ந்தால்தான் தடுக்கும். ‘நாள்’ என்ற டைப்புக்கு முதல் மாட்யூல் ஞாயிற்றைத் தொடக்கமாகவும், இரண்டாவது மாட்யூல் அதையே கடைசியாகவும் வைத்து வரிசை வகுத்துள்ளன என்று கொள்ளுங்கள். முதலாவது, ஞாயிறு, திங்கள் என்ற முறையில் ஒரு செட்டில் (சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் என்று உறுப்புகளை மரமாக அடுக்கும் தொகுப்பில்) சேர்க்கிறது. ஞாயிறு வேராகவும் திங்கள் வலக்கிளையாகவும் அமைகின்றன. அதே செட்டில் இரண்டாவது மாட்யூல் மறுபடியும் திங்களைச் சேர்க்கும்போது, அதன் கணக்கில் திங்கள் ஞாயிற்றுக்கு முந்தியது என்பதால் இடப்பக்கம் மட்டுமே தேடி, அங்கே ஏதும் இல்லாததால் புதிதாக வைத்துவிடுகிறது. பட்டியலாக்கினால் திங்கள், ஞாயிறு, திங்கள் என்று வரும். செட் தன் வரிசைமுறையைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. ஒவ்வோர் அழைப்பின்போதும் கம்பைலர்தான் அதைக் கொடுக்கிறது. இரண்டையும் இணைக்கும் மூன்றாவது மாட்யூலோ பிழையின்றிக் கம்பைல் ஆகும்.

கேள்வி: நம்பகமற்ற நிரலைக் கட்டுப்படுத்தும் ‘சேஃப் ஹாஸ்கெல்’ வசதி காப்பாற்றுமா?

பதில்: இதில் காப்பாற்றாது. அது 2011இல் ஜிஎச்சி 7.2உடன் வந்தது, ஒன்றன்மேல் ஒன்று படியும் இன்ஸ்டன்ஸ்களுக்கு வரம்பு விதிக்கிறதே தவிர, ஆர்ஃபன் இன்ஸ்டன்ஸ்களை (கிளாஸும் டைப்பும் வரையறுக்கப்படாத வேறொரு மாட்யூலில் எழுதியவற்றை) விலக்குவதில்லை. ஆகவே லைப்ரரி எழுதுவோர் ஆர்ஃபன் எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றிவைக்க வேண்டும்.

கேள்வி: டைப் பாதுகாப்பு குலையவில்லையே, ஏன் இவ்வளவு கவலை?

பதில்: குலையவில்லை என்பது உண்மை. டைப் ஃபேமிலியில் (ஒரு டைப்பிலிருந்து இன்னொரு டைப்பைக் கணிக்கும் விதிகளில்) இத்தகைய முரண் இருந்தால் எண்ணுக்கான இன்ட்டும் எழுத்துச்சரத்துக்கான ஸ்ட்ரிங்கும் சமமென்று நிறுவிவிடலாம் என்பதால், முரண்படும் இரு மாட்யூல்களையும் இறக்குமதி செய்தாலே ஜிஎச்சி மறுத்துவிடுகிறது. கிளாஸில் நினைவகம் கெடாது; ஆனால் ‘ஓர் உறுப்பு ஒருமுறைதான் இருக்கும்’ என்று செட் அளித்த வாக்கு கெடுகிறது. அந்த வாக்கை நம்பி எழுதிய நிரல் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் தவறான விடை தரும் என்பதே என் கவலை.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் கிளாஸையும் அவ்வாறே சோதிக்கலாமே?

பதில்: சோதித்தால், தொடர்பற்ற இரு லைப்ரரிகள் தற்செயலாக ஒரே இன்ஸ்டன்ஸை எழுதியிருந்தால்கூட அவற்றை ஒரே நிரலில் சேர்க்க முடியாமல் போகும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. டிரெய்ட் (கிளாஸ் போன்றது), டைப் இரண்டில் ஒன்றாவது தன் கிரேட்டில் (நிரல் தொகுப்பில்) இருக்க வேண்டும் என்று ரஸ்ட் மொழி கண்டிப்பாகக் கேட்கிறது. ஓகேமல் மொழியில் இரு வரிசைகளால் ஆக்கிய செட்கள் இரு வேறு டைப்கள் ஆகிவிடுவதால் இந்தக் கலப்பே நேராது.

கேள்வி: எனக்கு இறங்குவரிசை வேண்டும். இரண்டாவது இன்ஸ்டன்ஸ் எழுதலாமா?

பதில்: கூடாது. நியூடைப்பில் (இருக்கும் டைப்பைப் போர்த்தும் தனி டைப்பில்) பொதியுங்கள், வரிசையைத் தலைகீழாக்கும் ‘டவுன்’ அதற்காகவே இருக்கிறது.

கேள்வி: ஹாஸ்கெல் லைப்ரரிகளை நிறுவும் கருவியான கபாலின் நிறுவலில் பிழை வருகிறது.

பதில்: அது என் துறை அன்று, கருவிகளைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வேறொருவரின் டைப்புக்கு நானே இன்ஸ்டன்ஸ் எழுதலாமா?

பதில்: மீண்டும் அதே விடைதான்: நியூடைப். அத்தகைய இன்ஸ்டன்ஸ் இறுதி நிரலுக்குள் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வெளியிடும் லைப்ரரியில் வேண்டாம்.